வெள்ளை ஒயினுக்கு மீன்; கள்ளுக்கு மரச்சீனி

ரோம் நகரை ஒட்டிய குன்றுகளில் 'பிரஸ்காத்தி' என்றொரு வெள்ளை ஒயின் தயாராகிறது. மல்வாசியா என்ற திராட்சை அதற்கு மணம் கொடுக்கிறது. திரெபியானோ என்ற மற்றொன்று புளிப்பைக் கொடுக்கிறது. ஒன்று மட்டும் போதாது என்றே இரண்டையும் சேர்க்கிறார்கள். பொரித்த மீனுக்கு இது ஏற்றது என்பது அந்நாட்டார் கணக்கு. மீனின் எண்ணெய்ப் பசையைப் புளிப்பு துடைத்துவிட, அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திருவனந்தபுரத்தாருக்கு இத்தாலிக்காரர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. இங்குள்ள 'ஷாப்பு'களில் கள்ளோடு வரும் பண்டங்களைப் பார்த்தாலே போதும். வேகவைத்த மரச்சீனி, மிளகாய் அரைத்துக் குடம்புளி போட்ட மீன் கறி, நண்டு, கக்கா, தாராவு. காரம் தூக்கலான இவற்றுக்குப் பக்கத்தில் இளம் இனிப்பும் புளிப்புமாக ஒரு குவளை கள். மரச்சீனிக்கோ தனக்கென்று பெரிய சுவை ஒன்றும் கிடையாது. அதனால்தான் எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது.

மரச்சீனி இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் அதைப் பரவலாகப் பயிரிடச் செய்தார். இன்று அதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் நம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது, 1963-ல் ஏற்பட்டது.

கள்ளின் கதை வேறு. ஒயினுக்குப் பழத்தைப் பிழிய வேண்டும், பீப்பாயில் ஊற வைக்க வேண்டும். கள்ளுக்கு அதெல்லாம் இல்லை. தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியை ஒரு சீவல் சீவிவிட்டால் நீர் சொட்டத் தொடங்குகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் நுரை தள்ளுகிறது. ஒயினின் வேகத்தில் பாதிக்கும் குறைவான வேகம் அதற்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் விட்டால் காடிதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பே ஏறாது. அதைத்தான் நாம் பதநீர் என்றும் இங்குள்ளவர்கள் அக்கானி என்றும் சொல்கிறோம். குடிப்பழக்கமே இல்லாத வீடுகளிலும் ஆப்ப மாவு பொங்கக் கொஞ்சம் கள் சேர்ப்பதுண்டு.

சீவுகிறவர் காலையும் மாலையும் மரமேற வேண்டும். மழை நாளில் வழுக்குகிற மரம் என்றும் பார்க்க முடியாது. இவர்களுக்காகவே கேரளம் 1969-ல் ஒரு நலநிதிச் சட்டம் கொண்டு வந்தது. என்றாலும் பிள்ளைகள் அப்பன் ஏறிய மரத்தில் ஏற முன்வருவதில்லை. அதைக் குறை சொல்வதற்கும் இல்லை. உள்ளூர்க் கள் போதாமல் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து தென் மாவட்டங்களுக்கு வேனில் கள் போகிறது. சீவிய சில மணி நேரத்தில் மாறிவிடும் சரக்கு இத்தனை தூரம் வந்தால் என்ன ருசியில் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். ஸ்பிரிட்டும் மயக்க மருந்தும் கலந்து பிடிபட்ட வழக்குகளும் உண்டு. ரோம் குன்றுகளில் எந்தத் திராட்சை எவ்வளவு சேரலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, புட்டியில் ஊர்ப் பெயரும் இருக்கிறது. நம் குவளையில் இருப்பது எந்த ஊர்க் கள் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

சாராயத்தை 1996 ஏப்ரல் 1 முதல் கேரளம் தடை செய்தது; கள்ளை விட்டுவைத்தது. தமிழ்நாடோ 1987 தொடக்கத்தில் சாராயத்தோடு கள்ளையும் சேர்த்து நிறுத்திவிட்டது. பின்னர் அரசே கடை திறந்து பிராந்தி விற்கிறது. ஆனால் பனையிலும் தென்னையிலும் கள் இறக்கினால் வழக்கு. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கினார் என்பது உண்மைதான், ஆனால் அவர் பிராந்திக்கு விலக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை!

1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே ராஜ்யம். இன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் உரிமம் பெற்று இறக்கினால் தொழில், அந்தப் பக்கம் இறக்கினால் குற்றம். இரு பக்கத்திலும் தென்னையும் ஒன்றுதான், மரச்சீனியும் மீன் கறியும் ஒன்றுதான்.