பனிக்காலத்தில் வீட்டுக் கோழிகள்

கொள்ளேகாலில் மார்கழி விடியலில் வைக்கோற்போரை நனைக்கும் நீர்த்துளியும் பனி. உதகையில் புல்லின்மேல் உறையும் வெண்படலமும் பனி. கனடா நாட்டில் கூரை மூடப் பொழிவதும் பனியே. மொழிபெயர்ப்பு அலுவலில் இச்சொல் நமக்கு ஓயாத தொல்லை. கோழிக்கோ இவற்றிடையே ஒரே வேறுபாடுதான் முக்கியம்: உலர்ந்த குளிரா, ஈரக் குளிரா என்பது. முன்னதை அது பெரும்பாலும் தாங்கும், பின்னதில் நலியும்.

கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு. குளிர்ந்தால் அது இறகுகளைச் சிலிர்த்துக்கொள்கின்றது. இடையிற் சிக்கிய காற்றே அதன் கம்பளி. ஒரு காலை மார்பிறகில் மறைத்துத் தலையைச் சிறகினுட் செருகி உறங்கும். மாலையில் உண்ட சோளமோ கேழ்வரகோ இரவெல்லாம் செரித்துச் சூடு தரும். பிளிகிரிரங்கன் மலைக் காட்டுக்கோழியும் குளிரிரவை மரக்கிளையிலேயே கழிக்கின்றது அன்றோ! இறகற்ற கொண்டையும் தாடியுமே உறைபனிக்கு முதலிற் கருகுபவை. ஆதலால், கியூபெக் மாகாணத்து ஓகா மடத்துத் துறவி வில்பிரிட் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்விரண்டும் மிகச் சிறுத்த ‘ஷான்டெக்ளேர்’ இனத்தை உருவாக்கினார்.

நாம் செய்வது யாது? குளிருக்கு இரங்கிப் பஞ்சாரத்தையும் கூண்டையும் சாக்கினால் இறுக மூடிவிடுகின்றோம். மூச்சின் ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் உள்ளேயே தங்குகின்றன. நனைந்த இறகில் காற்று நில்லாது. சளிநோய் எளிதிற் பற்றும். கோழி அமரும் மட்டத்தில் வாடைக்காற்றைத் தடுத்து, கூரையை ஒட்டித் திறப்பு விடுதலே முறை. தரையில் உலர்ந்த உமி பரப்பி, நனைந்தவுடன் மாற்ற வேண்டும். அமரும் கட்டை தட்டையாக இருப்பின் விரல்களை மார்பிறகு மூடும்.

குஞ்சுகளின் நிலை வேறு. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி குறைக்கலாம். விளக்கின்கீழ் நெருங்கிக் குவிந்து கூவினால் குளிர் என்றும், அலகு திறந்து விலகி ஓடினால் வெப்பம் மிகுதி என்றும் அறிக. மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது பெருந்தீங்கு. அதன் நச்சுவாயு குஞ்சுகளையும், அருகில் உறங்கும் மனிதரையும் ஒருங்கே கொல்லும்.

மார்கழியில் முட்டை குறைவதற்குக் குளிரை மட்டும் பழித்தல் தகாது. அப்போது கொள்ளேகாலின் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி. நன்றாக முட்டையிடுவதற்கோ 14 மணி வெளிச்சம் வேண்டும். விடியுமுன் சிறிது நேரம் ஒரு விளக்கேற்றி வைத்தால் அக்குறை பெரிதும் தீரும்.