பக்கக் கோட்டில் நிற்பவன்

1863இல் லண்டனில் கால்பந்துக்கு விதிகள் எழுதியபோது, பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை யார் முதலில் தொடுகிறாரோ அவரே உள்ளே எறியலாம் என்றார்கள். அதுவும் கோட்டுக்குச் செங்குத்தாக மட்டுமே. 1877இல் திசைக் கட்டுப்பாடு போயிற்று. 1882 மாநாடு இரு கைகளாலும் எறியச் சொன்னது. நாட்ஸ் கவுன்டியின் வில்லியம் கன் ஒற்றைக் கையால் வெகுதூரம் எறிந்ததே அதற்குக் காரணம் என்று ஒரு கதை உண்டு. 1920இல் த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடும் இல்லை என்றானது. எந்தப் பாஸுக்கும் கிடைக்காத சலுகை அது. பயிற்சியாளர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் வியப்பு.

அன்று பயிற்சி நேரமெல்லாம் கார்னருக்கும் ஃப்ரீகிக்குக்கும் போனது. த்ரோ-இன்னுக்கு ஒரே பாடம்: கோட்டை ஒட்டி முன்னால் எறி. எறிபவன் அநேகமாகப் பின்வரிசை ஓர ஆட்டக்காரன். அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள்.

விதிவிலக்காகச் சில கைகள் இருந்தன. 1970 எஃப்.ஏ. கோப்பை இறுதியின் மறு ஆட்டத்தில் செல்சியின் இயன் ஹட்சின்சன் நீளமாக எறிந்த பந்துதான் லீட்ஸுக்கு எதிரான வெற்றி கோலாக முடிந்தது. பள்ளி நாட்களில் ஈட்டி எறிந்த ரோரி டெலாப், 2008இல் ஸ்டோக் சிட்டியோடு பிரீமியர் லீக்குக்கு வந்தபோது அணியே அவர் கைக்கேற்ப அமைந்தது. பந்தைத் துடைக்கத் துண்டுகள், குறைந்தபட்ச அகலத்துக்குச் சுருக்கிய மைதானம். ஒருமுறை ஹல் சிட்டி கோல்கீப்பர், அவருக்கு த்ரோ-இன் கொடுப்பதைவிட கார்னரே மேல் என்று பந்தைத் தன் கோல்கோட்டுக்கு வெளியே உதைத்தார். ஆனால் அந்தக் கை இல்லாத நாளில் அந்தத் தந்திரமும் இல்லை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க அதில் அதிகம் இருக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டியவர் டென்மார்க்கின் தாமஸ் கிரோன்னமார்க். 2010இல் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தவர். 2018இல் லிவர்பூல் மேலாளர் யூர்கன் கிளாப் அவரைத் தன் அணிக்கு அழைத்தபோது, இதற்கொரு பயிற்சியாளரா என்று பலர் சிரித்தார்கள். சாதனைக்காரர் வந்து கற்பித்ததோ பெரும்பாலும் தூரம் அல்ல, இடம் உண்டாக்குவது. ஒருவன் தன்னைக் காவல் காப்பவனை இழுத்துக்கொண்டு விலக, அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் ஓடிவர, பந்து அவன் காலடியில் வந்து விழ வேண்டும். எதிரணி நெருக்கும்போது எறிந்த பந்துகளில் லிவர்பூல் தக்கவைத்தவை முந்தைய பருவத்தில் 45.4 சதவீதம், லீக்கின் 20 அணிகளில் 18ஆம் இடம். அடுத்த பருவத்தில் 68.4, முதலிடம். அணியின் பின்வரிசை ஓர ஆட்டக்காரர் ஆண்டி ராபர்ட்சனின் எறிதூரமும் 19 மீட்டரிலிருந்து 27ஆனது. எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். எறிபவனைச் சுற்றி அரைவட்டம் போட்டுப் பார்த்தால், பந்து எட்டக்கூடிய பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும்.

ஓர் ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது முறை நிகழ்வதைத் தற்செயலுக்கு விட்டுவைத்திருந்தார்கள் என்பது இன்று நம்பக் கடினமாக இருக்கிறது. இழப்பும் இல்லாமல் இல்லை. பந்து கைக்கு வந்ததும் சட்டென எறிந்து ஆட்டத்தைத் தொடரும் அந்த அலட்சிய அழகு குறைந்துவிட்டது. அண்மைப் பருவங்களில் நீள எறிதல் மீண்டும் பெருகியதில், நடுத் தடுப்பாளர்கள் மைதானத்தைக் கடந்து பெட்டிக்குள் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். முன்பு அந்த இடைவெளி ஓய்வு, இப்போது ஏற்பாடு. பார்வையாளனுக்கு இரண்டும் காத்திருப்புதான், பழையது குறுகியது.

இதற்கு மாற்றாகக் காலால் உதைத்து உள்ளே அனுப்பும் முறையை 1993இல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் சோதித்துவிட்டுக் கைவிட்டார்கள். ஸ்டோக்கின் எறிதல்களைக் கண்டு அலுத்த, அன்றைய ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கரும் அதையே கேட்டார். விதி மாறவில்லை, மதிப்பு மாறியது. மைக்கேல் கயோடேயின் நீண்ட எறிதல்களை ஆயுதமாக்கிய பிரென்ட்ஃபோர்ட், 2025இல் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது கீத் ஆண்ட்ரூஸை. அதுவரை அவர் அங்கே கார்னர், ஃப்ரீகிக், த்ரோ-இன் போன்ற நின்ற பந்துகளுக்கான பயிற்சியாளர்.