தார் போடாத சாலைக்கு ஏன் இவ்வளவு மவுசு? - இத்தாலியின் ‘வெள்ளைச் சாலைகள்’ பிழைத்த கதை

ஓர் ஊருக்குத் தார் ரோடு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால், இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 1997ஆம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரிலிருந்து 92 பேர் பழைய சைக்கிள்களில் கிளம்பினார்கள். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. அவர்கள் சொல்லவந்தது ஒன்றுதான்: மிச்சம் இருக்கிற மண் சாலைகள் மீது தார் ஊற்றிவிடாதீர்கள்.

இன்று அதே சாலைகளில் மிதிப்பதற்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

வெள்ளைச் சாலை என்றால் என்ன?

இத்தாலியர்கள் இவற்றை ‘ஸ்ட்ராடே பியாங்கே’ என்கிறார்கள். நேரடிப் பொருள், வெள்ளைச் சாலைகள். நம் ஊர் கப்பி ரோடு மாதிரிதான். அந்தந்த இடத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி, அழுத்திவிட்ட சாலை. வெயிலில் பார்த்தால் கண் கூசும் அளவுக்கு வெளுத்திருக்கும். வண்டி போனால் மாவு போலத் தூசி எழும்பும்.

சியெனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் இவை அதிகம். வடக்கே கியாந்தி பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஓக் காடுகளுக்கும் நடுவே வளைந்து போகும். தென்கிழக்கே ‘கிரேட்டே செனேசி’ என்ற களிமண் மேடுகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுப்போன களிமண்தான் இன்றைக்கு மேடும் பள்ளமுமாக நிற்கிறது. இன்னும் தெற்கே போனால், 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு.

இந்தச் சாலைகள் சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. பண்ணை வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து மில்லுக்கு, கிராமத்திலிருந்து தேவாலயத்துக்கு என மாட்டு வண்டிகள் போன தடங்கள். சில இன்னும் பழையவை. வட ஐரோப்பாவிலிருந்து ரோமுக்கு யாத்ரீகர்கள் நடந்துபோன ‘வியா பிரான்சிஜெனா’ பாதை இந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. 990ஆம் ஆண்டு வாக்கில் கேன்டர்பரி பேராயர் சிஜெரிக், ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய ஊர்களின் பட்டியலை விட்டுச்சென்றிருக்கிறார்.

சியெனா நகர மன்றத்தின் சுவரில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338-39இல் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நாட்டுப்புறம் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் ஒரு பகுதி. கோட்டை வாசலிலிருந்து ஒரு சாலை இறங்குகிறது. மூட்டை சுமக்கும் கழுதைகளும், பன்றியை ஓட்டி வருபவரும், குதிரையில் வேட்டைக்குப் போகும் சீமான்களும் அதில் தென்படுகிறார்கள். பின்னால் அதே குன்றுகள். சாலை பத்திரமாக இருப்பதே நல்லாட்சிக்கு அடையாளம் என்று கருதியிருக்கிறார்கள்.

இத்தனை காலம் தார் போடாமல் விட்டது எப்படி?

இதற்கான காரணம் அழகுணர்ச்சி இல்லை, வறுமை. டஸ்கனி விவசாயம் பல நூற்றாண்டுகளாக ‘மெத்சத்ரியா’ முறையில் நடந்தது. நம் ஊர் பாதி வாரம் மாதிரிதான். நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குன்று குன்றாகத் தனித்தனிப் பண்ணை வீடுகள் தெரிவதும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தடம் போவதும் இந்த முறையால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. தொழிற்சாலை வேலை தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். 1964இல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் தடை செய்தது. பண்ணை வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளே இல்லாத வீட்டுக்குப் போகும் சாலைக்கு யார் தார் போடுவார்கள்? இத்தாலியின் மற்ற இடங்களில் கப்பிச் சாலைகள் மறைந்துகொண்டிருந்தபோது, இங்கே அவை அப்படியே கிடந்தன.

பிறகு காற்று திசை மாறியது. ஒயினுக்கு விலை ஏறியது, வெளிநாட்டினர் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்தார்கள், சுற்றுலா விடுதிகள் வந்தன. காசு வந்த கையோடு தாரும் வர ஆரம்பித்தது.

92 பேர் என்ன சாதித்தார்கள்?

அந்த 1997 பயணத்தைத் தொடங்கியவர் கயோலேயைச் சேர்ந்த ஜியான்கார்லோ புரோச்சி. பார்தாலி, கோப்பி காலத்துச் சைக்கிள் பந்தயங்கள் மீது பெரும் பற்றுள்ளவர். அன்றைய வீரர்கள் இப்படிப்பட்ட சாலைகளில்தான் மிதித்தார்கள், அவற்றை அழித்தால் அந்த நினைவும் போய்விடும் என்பது அவர் வாதம். பயணத்துக்கு ‘லெரோய்க்கா’ என்று பெயர். வீரம் நிறைந்தது என்று பொருள்.

அதன் விதிகள் சுவாரஸ்யமானவை. 1987க்கு முந்தைய பாணிச் சைக்கிள்தான் வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு மேலே வெளியே தெரிய வேண்டும், பெடலில் கால் வார் வேண்டும். வழியில் எனர்ஜி ஜெல் கிடையாது. ரொட்டியும் காய்கறியும் போட்டுக் கொதிக்கவைத்த ‘ரிபோலித்தா’ சூப், பாலாடைக்கட்டி, ஒயின்! நீண்ட தூரம் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி, பிரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் மரச் சாலையை விளக்கொளியில் கடப்பார்கள். இத்தாலியின் இரண்டாவது பிரதமரும், 1872இல் கியாந்தி ஒயினின் கலவையை வகுத்துச் சொன்னவருமான பெத்தீனோ ரிக்காசோலியின் கோட்டை அது.

இதைப் பார்த்துத்தான் 2007இல் தொழில்முறைப் பந்தயம் ஒன்று பிறந்தது. அதுவே இன்றைய ‘ஸ்ட்ராடே பியாங்கே’. பெண்களுக்கான பந்தயம் 2015இல் சேர்ந்தது. இரண்டுமே சியெனாவின் பியாத்சா தெல் கம்போ சதுக்கத்தில் முடிகின்றன. மூன்று முறை வென்ற ஃபேபியன் கான்செல்லாராவின் பெயரை ஒரு சாலைப் பகுதிக்கே வைத்துவிட்டார்கள். 2024இல் ததேய் போகாச்சார் 81 கி.மீ. தூரத்தைத் தனி ஆளாக மிதித்து வந்து ஜெயித்தார்.

டி.வி.யில் இந்தக் காட்சிகள் வந்த பிறகு, கப்பிச் சாலை என்பது பின்தங்கிய ஊரின் அடையாளம் என்ற நினைப்பு மாறிப்போனது. அது ஊருக்கு வருமானம் தரும் சொத்து ஆகிவிட்டது.

எல்லோருக்கும் சந்தோஷம்தானா?

இல்லை. வாரக் கடைசியில் வந்து மிதித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தூசி அழகு. அங்கேயே குடியிருப்பவருக்கு? கொடியில் காயும் துணியிலும், ஜன்னலிலும், சமையலறையிலும் அதே தூசிதான். மழை அடித்தால் ஓரம் அரித்துப் பள்ளம் விழும். கார் ஓடும் தடத்தில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக அலை உருவாகும். மெஷின் விட்டுத் திரும்பத் திரும்பச் சமப்படுத்த வேண்டும், ஜல்லி கொட்ட வேண்டும். இந்தத் தடங்களில் பல, பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து பராமரிக்க வேண்டிய வகையைச் சேர்ந்தவை. செலவில் பங்கு அவர்கள் தலையிலும் விழுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குத் தார் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா?

பெயர் பரவியதால் வாடகை கார்களும் ஜீப்களும் இதே தடங்களில் நுழைகின்றன. அமைதியைத் தேடி வருகிற கூட்டமே அமைதியைக் கெடுக்கிற ஆபத்தும் உண்டு. லெரோய்க்காவில் கலந்துகொள்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

போக ஆசையா? எங்கே தொடங்கலாம்?

லெரோய்க்காவின் 209 கி.மீ. பாதையில் நிரந்தரக் கைகாட்டிகள் உண்டு. ஆண்டு முழுவதும் யாரும் போகலாம், எந்த சைக்கிளிலும் போகலாம். ஆனால் மொத்த ஏற்றம் 3,000 மீட்டரைத் தாண்டும். அதனால் மூன்று, நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் தடவை போகிறவர்களுக்குக் கயோலே - பிரோலியோ சுற்று போதும். நிழல் இருக்கும், ஊர்களும் பக்கத்தில். கால் பழகிய பிறகு அஷானோ அருகே மோன்தே சாந்தே மரியே. 11.5 கி.மீ. தூரத்துக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மரமே இல்லாத முதுகுகள் மீது போகும் சாலை. கான்செல்லாரா பெயர் தாங்கியது இதுதான். வரலாறு வேண்டுவோர் புவோன்கொன்வெந்தோவிலிருந்து மோன்தல்சீனோ மலை ஊருக்கு ஏறலாம்.

காலம் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வெயில் களிமண் மேடுகளில் தாங்காது. மழையில் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாது. 2010 ஜிரோ தி இத்தாலியாவில், மோன்தல்சீனோவில் முடிந்த மழை நாள் கட்டத்தை கேடல் எவன்ஸ் வென்றபோது, யார் எந்த அணி என்றே தெரியாத அளவுக்கு எல்லோர் மேலும் சேறு.

கவனிக்க வேண்டியவை

டயர்: 38 முதல் 45 மி.மீ. அகலம் இருந்தால் நிம்மதி. காற்றைக் கல்லு மாதிரி அடைக்காதீர்கள். கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் ஜல்லியில் பிடிப்பு கிடைக்கும்.

கியர்: ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. இருப்பதிலேயே லேசான கியர் வேண்டும். உட்கார்ந்தபடியே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும்.

இறக்கம்: பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்துவிடுங்கள். திருப்பத்துக்குள் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும்.

தண்ணீர்: ஊர்ச் சதுக்கங்களில் குழாய் இருக்கும். ‘நோன் பொதாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. மதியம் பல கடைகள் சில மணி நேரம் மூடியிருக்கும். சாப்பாட்டை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாய், வேட்டை: ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் துரத்தினால், இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெல்ல நடங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். எச்சரிக்கைப் பலகை தெரிந்தால் வேறு வழி பாருங்கள். பளிச்சென்ற சட்டை அணியுங்கள்.

விசா: இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

பிளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயில் உண்டு. அஷானோவிலும் புவோன்கொன்வெந்தோவிலும்கூட ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பிராந்திய ரயில்களில் பொதுவாகத் தனி டிக்கெட் எடுத்து சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். அதனால் வாடகை கார் எடுத்து அந்தச் சாலைகளில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. கொடியில் துணி காயப்போட்டிருக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கு அதுவே பெரிய உதவி.