புடவையால் அளந்த வீடு

ஒரு குடும்பம் குடியிருக்க எத்தனை அடி வேண்டும்? இன்ஜினீயரைக் கேட்டால் நீளம், அகலம் சொல்வார். பம்பாய் பைகுல்லா நடைபாதையில் குடித்தனம் நடத்திய பெண்கள் கேட்டது உயரம்! அதுவும் 14 அடி. ஏன் தெரியுமா?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், பம்பாய் நடைபாதைக் குடிசைகளைப் பிரித்தெறிந்து, குடியிருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நம் சேலத்திலிருந்து பிழைக்கப் போன ஒரு குடும்பமும் அதில் உண்டு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1985 ஜூலையில் தீர்ப்பு. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடக்கம் என்றார்கள். ஆனால் மழைக்காலம் கழிந்ததும் அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சர்க்கரையைக் காட்டி வேப்பெண்ணெய் ஊற்றிய கதைதான்.

அகற்றினால் எத்தனை பேர் தெருவில் நிற்பார்கள்? ஒழுங்கான கணக்கே கிடையாது. நேற்று வந்தவங்க, நாளைக்குப் போயிடுவாங்க என்றுதான் ஊராரின் நினைப்பு.

'ஸ்பார்க்' என்ற அமைப்பு தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஷீலா படேல், டாடா சமூக அறிவியல் கழகத்தில் படித்தவர். நோட்டும் பேனாவுமாய் வெளியாள் வந்து நின்றால், குடிசையை இடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பயப்படுவார்களே! அதனால் படித்தவர்கள் தனியாகப் போகவில்லை. நடைபாதைக்காரர்களையே சேர்த்துக்கொண்டு சுமார் 6,000 குடும்பங்களை எண்ணினார்கள். பல குடும்பங்கள் வருஷக்கணக்காய் அங்கேயே இருப்பது தெரிந்தது. நடந்தே வேலைக்குப் போகிற தூரத்தில்தான் குடிசை. பஸ் காசு கட்டுப்படியாகாதே! 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்ற பொருளில் அறிக்கைக்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்து, வீடு எப்படி இருக்கணும் என்ற ஆராய்ச்சி. பெண்கள் 'மகிளா மிலன்' என்று ஒன்றுகூடினார்கள். டேப் எதற்கு? புடவையை விரித்து அளந்தார்கள். உயரம் 14 அடி இருந்தால் பாதி இடத்தில் பரண்போல் ஒரு மாடி போடலாம். கீழே சமையல், மேலே படுக்கை. ஒரே அறையில் வயசுப் பெண்ணையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்குத்தான் இந்த யோசனை தோன்றும். துணியைக் கட்டி நிஜ அளவிலேயே மாதிரி வீடு நிறுத்தி, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், தம் குடிசைவாசிகள் சம்மேளனத்தோடு துணை நின்றார். 2018-ல் காலமாகும்வரை இதே வேலைதான் அவருக்கு.

1995-ல் மகாராஷ்டிர அரசின் குடிசை மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. நடைபாதைக்காரர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு அப்போது 225 சதுர அடி வீடு, இலவசமாக. பத்து வருஷம் ஆயிற்று! மான்கூர்டில் பரண் வைத்த வீடுகளும் எழும்பின.

ஆனால் மான்கூர்ட் பைகுல்லாவுக்குப் பக்கத்திலா இருக்கிறது? ரயிலேறித்தான் போகணும். நடந்துபோய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவளுக்கு இப்போது டிக்கெட் செலவு. வேலைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அந்தக் கணக்கெடுப்பில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.