தாதியர் சான்றிதழ்: செலவும் வரவும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால், பல்கலைக்கழகம் கிடைக்காத பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "பிள்ளையை இனி எதற்குச் சேர்ப்பது?" தையல், கணினி, பாலர் பாடசாலை ஆசிரியப் பயிற்சி என்ற வரிசையில் தாதியர் பாடநெறியும் சேர்ந்துகொண்டது. "ஆறு மாதத்தில் தாதியாகலாம், வேலை நிச்சயம்" என்ற விளம்பரத்தைக் கண்டதும் உம்மாவின் கை தன் காப்பைத் தடவுகிறது. காப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்ப்போம், சகோதரிகளே!

நோயாளிக்குப் பணிவிடை செய்வது நமக்குப் புதிய விடயமல்ல. அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் ஏழு போர்களில் நபி (ஸல்) அவர்களுடன் சென்று நோயுற்றவர்களைக் கவனித்தார்கள். பெண் நோயாளிக்குப் பெண்ணே பணிவிடை செய்யவேண்டும் என விரும்பும் நாம், அதற்குரிய பெண்களை உருவாக்கவும் வேண்டும். ஆகவே தொழிலின் சிறப்பில் சந்தேகமில்லை. எந்தச் சான்றிதழ், அதற்கு என்ன செலவு, அதனால் என்ன வரவு என்பதே கேள்வி.

பெயரைக் கவனியுங்கள்

அரசாங்க வைத்தியசாலைத் தாதி மூன்று வருடப் பயிற்சி பெற்றவர். விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தோரிடமிருந்து சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருகிறது. கண்டி, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற இடங்களில் தாதியர் கல்லூரிகள் உள்ளன. அங்கு பயிற்சிக்குக் கட்டணமில்லை. பயிலும் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. விஞ்ஞானம் படித்த பிள்ளை முதலில் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் வேறெங்கும் காசு கட்டவேண்டாம்.

ஆறு மாதம், ஒரு வருடம் எனப் படித்து வருபவர் பெரும்பாலும் தாதி உதவியாளராகவோ வீட்டு நோயாளர் பராமரிப்பாளராகவோதான் வேலை பெறுகிறார். அதுவும் கண்ணியமான தொழிலே. ஆனால் பதவி வேறு, சம்பளமும் வேறு. நிறுவனத்தார் "தாதி" என்று சொன்னால், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையில் இந்தச் சான்றிதழைக் கொண்டு பதிவுசெய்ய முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விடயம் விளங்கிவிடும்.

அடுத்து, நிறுவனமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா என்று பாருங்கள். தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இந்தப் படிவரிசையில் அமைந்த சான்றிதழை வைத்து நாளை மேலே ஏறலாம். அதில் சேராத சான்றிதழ், கொடுத்த நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடக்கூடும். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பராமரிப்பாளர் பயிற்சி நடைபெறுகிறது, அங்கும் விசாரியுங்கள். ஏற்கனவே இந்த வேலையில் அனுபவமுள்ள சகோதரிகள், முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையைப் பற்றியும் கேட்கலாம்.

தாளில் ஒரு கணக்கு

கீழே வருபவை கணக்கை விளக்க நாம் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊரின் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

பாடநெறிக் கட்டணம் 120,000 ரூபா. சீருடை, சப்பாத்து, புத்தகம், பரீட்சைக் கட்டணம் 20,000. ஆறு மாதத்துக்குப் பஸ் காசும் சாப்பாடும் மாதம் 10,000 வீதம் 60,000. ஆக 200,000 ரூபா. விளம்பரத்தில் கண்டதோ 120,000 மட்டும்! விடுதியில் தங்கினால் இன்னும் கூடும்.

வேலை கிடைத்து மாதச் சம்பளம் 45,000 என்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 3,600 கழியும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 10,000 போனால் மிச்சம் 31,400. போட்ட காசு திரும்ப ஏறக்குறைய ஆறரை மாதம் பிடிக்கும். சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு 10,000 கொடுக்கவேண்டியிருந்தால் கையில் நிற்பது 21,400 தான். அப்போது ஒன்பது மாதத்துக்கும் மேல் செல்லும்.

சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் பங்காகச் செலுத்தவேண்டும். இந்தக் கணக்கில் அது மாதம் 6,750 ரூபா. நியமனக் கடிதமும் இந்த நிதிகளும் இல்லாத இடத்தில், சம்பளம் சற்றுக் கூடத் தெரிந்தாலும் உண்மையில் குறைவே.

காசு எங்கிருந்து வருகிறது?

நகையை வட்டிக்கு அடகு வைத்தோ, வட்டிக்கடன் எடுத்தோ கட்டணம் கட்டினால் கணக்குப் பிழைப்பதோடு ஹராமும் சேர்கிறது. வட்டியில்லாத் தவணைக்கு நிறுவனத்திடம் கேளுங்கள். குடும்பத்தில் கர்ழன் ஹஸனாவாகப் பெறமுடியுமா, பள்ளிவாசலின் ஸகாத் நிதியில் கல்விக்கு இடமுண்டா என்று பாருங்கள். அடகில் முழுகிப்போவதைவிட ஒரு சிறு நகையை விற்பது மேல். ஆனால் அது அந்தப் பெண்ணின் மஹராக இருந்தால் அவளது மனமொப்பிய சம்மதமின்றித் தொடக்கூடாது.

சேருமுன் கேட்கவேண்டியவை

செயன்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை நாள்? "வேலை நிச்சயம்" என்பதை எழுத்தில் தருவார்களா? இடையில் விலகினால் காசு திரும்புமா? சீருடையுடன் ஹிஜாப் அணியலாமா? தொழுகைக்கு இடமுண்டா? இரவுக் கடமை முடிந்து வீடு வர வாகன வசதி உண்டா? சென்ற வருடம் படித்து முடித்த இரண்டு பிள்ளைகளைத் தேடிப் பேசுங்கள். நிறுவனத்தார் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டினால் இன்னும் நிதானம் தேவை. ஜப்பானில் திறன்சார் வீசாவில் பராமரிப்பு வேலைக்குச் செல்ல மொழிப் பரீட்சையும் தொழிற் பரீட்சையும் சித்தியடையவேண்டும். வளைகுடா நாடுகளில் தாதியாகப் பணிபுரிய அந்தந்த நாட்டின் அனுமதிப்பத்திரம் அவசியம். உள்ளூர்ச் சான்றிதழ் ஒன்று மட்டும் விமானம் ஏற்றிவிடாது. முகவர், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. மார்க்கத்தில் குடும்பச் செலவு ஆணின் பொறுப்பு. பெண்ணின் உழைப்பு அவளுக்கே உரியது. எனவே வாப்பாவும் உம்மாவும் மட்டும் பேசி முடிவெடுக்காமல், பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் கணக்கைக் காட்டுங்கள். நோயாளியின் வாந்தியையும் புண்ணையும் சுத்தம் செய்ய அவளுக்கு மனமிருக்கிறதா என்றும் கேளுங்கள். மனமும் கணக்கும் ஒத்துவந்தால் தயங்காமல் அனுப்புங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் பரகத் செய்வானாக. ஆமீன்.