வணிக அழைப்புகளும் சந்தாதாரரின் விருப்பமும்

தொலைபேசிச் சந்தாதாரர் தமக்கு எவ்வகை வணிக அழைப்புகள் வரலாம், எவை வரலாகாது என்பதைத் தாமே வரையறுத்துக்கொள்ள நம் நாட்டில் சட்டப்படி வழியுண்டு. இவ்வுரிமை படிப்படியாகவே உருவாயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007ஆம் ஆண்டில் முதல் விதிமுறைகளை வெளியிட்டபோது, விளம்பர அழைப்பு எதுவுமே வேண்டாம் எனப் பதிவு செய்யலாம். இன்றேல் அனைத்தையும் ஏற்க வேண்டும். வீட்டுக்கடன் பற்றி அறிய விரும்பி, மனை விற்போரை மட்டும் தவிர்க்க நினைத்தவருக்கு அதில் இடமிருக்கவில்லை.

2010 டிசம்பரில் வெளியிடப்பட்டு 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகள் இக்குறையைப் போக்கின. வங்கி மற்றும் காப்பீடு, வீடு மனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள்கள், தகவல் தொடர்பு, சுற்றுலா என ஏழு துறைகள் வகுக்கப்பட்டன. வேண்டியதை மட்டும் அனுமதித்து ஏனையவற்றைத் தடுக்கலாம் என்றாயிற்று. 2018 ஜூலையில் வந்த புதிய விதிமுறைகள் உணவு, பானங்களை எட்டாவது துறையாகச் சேர்த்ததோடு, அழைப்பா குறுஞ்செய்தியா, நாளின் எந்த நேரப்பகுதி, வாரத்தின் எந்த நாள் என்பனவற்றையும் சந்தாதாரரின் தேர்வுக்கே விட்டன. இவற்றை 1909 என்ற எண் வாயிலாகப் பதிவு செய்யலாம். இவ்வளவு நுட்பமான உரிமை இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு வினா. பதிவு செய்யாதவரின் மௌனம் சம்மதமாகவே கொள்ளப்படுவதால், அறியாமையின் சுமை சந்தாதாரர் மீதே விழுகிறது.

இவ்விதிகளை நிறைவேற்றுவது சந்தாதாரரின் கருவியன்று; தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பே. செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயர்க்குறியையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு செய்தியும் அப்பதிவுடனும், விளம்பரமாயின் சந்தாதாரரின் விருப்பத்துடனும் ஒப்பிடப்பட்ட பின்னரே சென்றடைய வேண்டும். 2021 மார்ச் 8ஆம் நாள் இச்சரிபார்ப்பு முழுமையாகத் தொடங்கியது. பல நிறுவனங்கள் வாசகங்களைப் பதிவு செய்யாதிருந்தமையால், வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் உள்ளிட்ட தேவையான செய்திகளும் நின்றுபோயின. மறுநாளே ஆணையம் சரிபார்ப்பை ஒரு வாரத்திற்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. பெறுபவர் வகுக்கும் விதி எத்துணை செம்மையாயினும், அனுப்புபவர் ஒழுங்குக்கு உட்படாதவரை அது பயன் தராது என்பதை அந்நாள் காட்டிற்று.

ஒழுங்குக்கு வெளியே நிற்போரே இன்றும் பெருஞ்சிக்கல். பதிவு பெற்ற விளம்பரதாரர்க்கென 140 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. பதிவு பெறாதவரோ சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து அழைக்கின்றனர். அவர்களிடம் விருப்பப் பதிவேடு செல்லுபடியாவதில்லை. இன்னொரு கசிவு ஒப்புதல் வழியே நேர்கிறது. சந்தாதாரர் வெளிப்படையாக அளித்த ஒப்புதல் அவரது விருப்பப் பதிவை மீறிச் செல்லத்தக்கது. விண்ணப்பப் படிவத்தின் அடியில் சிற்றெழுத்தில் உள்ளதைப் படியாமல் கையொப்பமிடும் பழக்கம் நம்மிடையே பரவலானதே.

2024 ஆகஸ்டு 13 அன்று, பதிவு பெறாத விளம்பரதாரரின் இணைப்புகளைத் துண்டித்து, இரண்டாண்டு வரை விலக்கிவைக்குமாறு ஆணையம் பணித்தது. 2025 பிப்ரவரித் திருத்தம் முறையீட்டுக்கான கெடுவை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக நீட்டியது. பதிவு பெறாதவர் மீது நிறுவனம் நடவடிக்கை எடுக்கும் கால வரம்பையோ முப்பது நாளிலிருந்து ஐந்தாகச் சுருக்கியது. அத்தகையோர் மீது முறையிட, விருப்பப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இப்போது இல்லை.