போரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

2022 பிப்ரவரி 24 அதிகாலையில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 2 லட்சம் உக்ரைன் பிள்ளைகள் ஜெர்மனியின் பள்ளிகளில் சேர்ந்துவிட்டார்கள். அதே வகுப்புகளில் ரஷ்ய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அங்கிருந்து லட்சக்கணக்கானோர் ஜெர்மனியில் குடியேறியிருந்தார்கள். குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த பிள்ளையும், தாத்தா பாட்டி இன்னும் ரஷ்யாவில் இருக்கிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார நேரிட்டது. அந்த வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் போரைப் பற்றி வாய் திறப்பதா, வேண்டாமா?

ஜெர்மன் ஆசிரியர்கள் கைப்பிடித்து நடக்க ஒரு வழிகாட்டி ஏற்கெனவே இருந்தது. நாஜிக் காலத்தில் பள்ளிக்கூடமே பிரச்சார மேடையாக மாறியதைப் பார்த்த நாடு அது. 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்களின் விவாதத்திலிருந்து மூன்று நெறிகள் பிறந்தன. தன் கருத்தை மாணவர் மீது ஆசிரியர் திணிக்கக் கூடாது. சமூகத்திலும் அறிஞர்களிடையேயும் சர்ச்சைக்குரியதாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே வைக்க வேண்டும். நடப்பு அரசியலில் தன் நலன் எது என்று மாணவர் தானே எடைபோடும் திறனைப் பெற வேண்டும்.

இதற்கு ‘எதிலும் பட்டும் படாமலும் பேசு’ என்று பொருளில்லை. எல்லையைத் தாண்டிப் படை அனுப்பியது யார் என்பது உண்மைத் தகவல். அதில் இரண்டு பக்கம் கிடையாது. ரஷ்யா உடனே வெளியேற வேண்டும் என்று 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இந்தியா ஒதுங்கியது சரியா என்பது பத்தாம் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை விவாதிக்கத் தகுந்த கேள்வி. உண்மை எது, கருத்து எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்த ஆசிரியர் எந்தப் போரைப் பற்றியும் துணிந்து பேசலாம்.

நேர் எதிரான நிலையை ரஷ்யாவில் பார்க்கலாம். 2022 செப்டம்பர் முதல் அங்கே திங்கட்கிழமை தோறும் முதல் வகுப்பில் அரசு வகுத்துத் தரும் தேசபக்திப் பாடம் நடக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு பள்ளியின் ஓவிய வகுப்பில் ராணுவத்தை ஆதரித்துப் படம் வரையச் சொன்னார்கள். ஒரு சிறுமி, கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் ஒரு தாயையும் பிள்ளையையும், அவர்களை நோக்கிப் பாய்ந்து வரும் ஏவுகணைகளையும் வரைந்தாள். பள்ளி போலீஸை அழைத்தது. விசாரணை வீடு வரைக்கும் போயிற்று. சமூக வலைதளப் பதிவுகளுக்காக அவளுடைய தந்தைக்கு 2023இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறுமி காப்பகத்துக்கு அனுப்பப்பட்டாள். வகுப்பறையில் ஒரு தாள் செய்த வினை இவ்வளவு.

ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அதன் 12ஆவது பிரிவு தருகிறது. 17ஆவது பிரிவு தகவல் பெறும் உரிமையைச் சொல்லி, தீங்கான உள்ளடக்கத்திலிருந்து பாதுகாக்கும் கடமையையும் சேர்த்தே சொல்கிறது. 29ஆவது பிரிவின்படி அமைதி, சகிப்பு, எல்லா மக்களோடும் நட்பு ஆகியவை கல்வியின் குறிக்கோள்கள். ஆக, ‘சின்னப் பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம்’ என்று வாயை அடைப்பதும் சரியில்லை. பிணங்கள் கிடக்கும் காணொளியை வகுப்பில் ஓட விடுவதும் சரியில்லை.

எந்த வயதுக்கு எவ்வளவு? 1991 வளைகுடாப் போரின் தொலைக்காட்சிக் காட்சிகள் பிள்ளைகளை எப்படிப் பாதித்தன என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளைக் கலங்கடித்தவை கண்ணால் கண்ட காட்சிகள். பதின்ம வயதினரைக் கலங்கடித்ததோ போர் எங்கே கொண்டுபோய் விடும் என்ற யோசனை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘ஏன் சண்டை?’ என்று கேட்டாலும், பெரும்பாலும் உள்ளே இருக்கும் கேள்வி ‘நம்ம வீட்டுக்கும் வருமா?’ என்பதுதான். முதலில் அதற்குப் பதில் வேண்டும். உலக உருண்டையில் அந்த நாட்டையும் நம் ஊரையும் தொட்டுக் காட்டி, நடுவே இருக்கும் தூரத்தை விரலால் அளக்கச் சொல்லலாம். பொய்யான உறுதிமொழி வேண்டாம். ‘இனி எங்கேயும் சண்டையே வராது’ என்று சொன்னால், மறுவாரமே செய்தி வந்து அந்த ஆசிரியரின் சொல்லைக் கெடுத்துவிடும். எந்த வயதானாலும் பாடம் நடத்துவதற்கு முன்னால், ‘உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்? எங்கே பார்த்தாய்?’ என்று கேட்டுவிட வேண்டும். பிள்ளை சொல்லும் பதிலிலேயே எங்கே தொடங்க வேண்டும் என்பது இருக்கும்.

போரின் நடுவே வாழும் பிள்ளைகளுக்கே மிரட்டாமல் சொல்லித் தர முடியும் என்று உக்ரைன் காட்டியிருக்கிறது. கார்கிவ் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்புகள் நடக்கின்றன. கண்ணிவெடிப் பாடத்தை அங்குள்ள சிறுவர்களுக்குக் கொண்டுபோனது பாத்ரோன் என்ற குட்டி நாய். வெடிபொருள்களை மோப்பம் பிடிக்கும் ஜாக் ரசல் டெரியர் இனம். அதை நாயகனாக வைத்துக் கார்ட்டூன் தொடரே வந்தது. சொல்லித் தரப்படும் விதி மிகச் சுருக்கம்: கிட்டே போகாதே, தொடாதே, 101ஐக் கூப்பிடு. சிதறிய உடலின் படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பெரிய ஆபத்து கைப்பேசி வழியே வருகிறது. ஆர்மா 3 என்ற வீடியோ கேமின் காட்சிகள் உக்ரைன் போர் என்றும் பிறகு காஸா என்றும் உலகெங்கும் பரப்பப்பட்டன. 2025 மே மாத இந்திய – பாகிஸ்தான் மோதலின்போதும் வீடியோ கேம் காட்சிகள் உண்மைபோல வலம்வந்தன. ஆர்மா 3ஐத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே, போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று 2022 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மங்கலான படம், இருட்டு, ஆட்டம் காணும் கேமரா, பெரும்பாலும் ஒலி இல்லாமை, நடமாடும் மனிதர்கள் இல்லாமை ஆகியவை அதிலுள்ள அடையாளங்கள். எட்டாம் வகுப்புக்கு இதைவிடச் சுவையான ஊடகப் பாடம் கிடைப்பது அரிது. ‘இதை உனக்கு அனுப்பியது யார், அவருக்கு எப்படிக் கிடைத்தது?’ என்று ஒரு காணொளியின் பூர்வீகத்தைத் தேடக் கற்ற மாணவி, வீட்டு வாட்ஸ்அப் குழுவையும் திருத்திவிடுவாள்.

தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் போர் தொலைவான செய்தி மட்டுமல்ல. 2022இல் தமிழகத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்கள் உக்ரைனிலிருந்து மீட்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில் போர் என்பது பாட்டியின் நினைவு. அப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தி ‘உங்க வீட்டுக் கதையைச் சொல்லு’ என்று கேட்பது கொடுமை. அவளாக வந்து சொன்னால் கேட்கலாம். சொல்லாமல் இருப்பதும் அவளுடைய உரிமை.

எதிரி நாட்டின் மதத்தையோ மொழியையோ காட்டி ஒரு மாணவரைச் சீண்டுவது இன்னொரு ஆபத்து. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆசிரியரே அப்படிச் செய்தால் துறை நடவடிக்கைக்கு இடமுண்டு. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பலனில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தை அணுகலாம். சீண்டுவது சக மாணவர் என்றால், இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பேசுவதே முதல் வேலை.

தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, ஓயாமல் குண்டு விளையாட்டு ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. மூன்றையும் வகுப்பறைச் சுவரில் பிள்ளையின் கண்ணுயரத்தில் எழுதி வைக்கலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். போர்ச் செய்தி வெடிக்கும் நாளில் வகுப்பில் யார், எதை, எந்த அளவில் பேசுவார்கள் என்று பள்ளி முடிவு செய்திருக்கிறதா? பயந்துபோன பிள்ளை தனியே போய்ப் பேச, பள்ளியில் பெயர் சொல்லத்தக்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? பதில் ‘இல்லை’ என்றால், அந்தக் கூட்டம் முடிவதற்குள் இரண்டையும் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.